பேஸ்பால் ரெஃபரன்ஸ் தளம்: ஆர்.ஏ. டிக்கியின் பக்கத்தை வைத்து ஒரு மதிப்பீடு

ஒரு புள்ளிவிவரத் தளம் எவ்வளவு தேறும் என்று பார்க்க, 22 வயதில் மேலே வந்து பத்து வருடம் ஒரே சீராக ஆடிய நட்சத்திரத்தின் பக்கத்தைத் திறந்து பயனில்லை. அப்படிப்பட்டவரின் கணக்கை எந்தத் தளமும் ஒழுங்காகக் காட்டிவிடும். நடுவில் காணாமல் போனவர், கீழ் லீக்குகளில் உழன்றவர், வீசும் முறையையே மாற்றிக்கொண்டு திரும்பி வந்தவர் என்று ஒருவரைத் தேர்ந்தெடுத்துப் பார்த்தால்தான் தளத்தின் பலமும் ஓட்டையும் தெரியவரும். அமெரிக்க பேஸ்பால் பிட்சர் (பந்து வீசுபவர்) ஆர்.ஏ. டிக்கி அதற்கு மிகவும் பொருத்தமான ஆள். 2009 சீசன் முடியும்போது அவருக்கு 35 வயது நெருங்கிக்கொண்டிருந்தது. அமெரிக்காவின் உச்ச லீகான மேஜர் லீகில் அவர் பெயரில் பதிவானது மொத்தமே 22 வெற்றி, 28 தோல்வி. 2012இல் நியூயார்க் மெட்ஸுக்காக 20 வெற்றி, 6 தோல்வி, கூடவே தேசிய லீகின் (மேஜர் லீகின் இரு பிரிவுகளில் ஒன்று) சிறந்த பிட்சருக்கான சை யங் விருது. நக்கிள்பாலை (சுழற்சியில்லாமல் வீசும் பந்து) நம்பி வாழ்ந்த பிட்சர்களில் அந்த விருதைத் தொட்ட முதல் ஆள் அவர்தான்.

பேஸ்பால் ரெஃபரன்ஸ் 2000ஆம் ஆண்டில் ஷான் ஃபோர்மன் தொடங்கிய தளம். வீரர் பக்கங்களைப் பார்க்கக் காசு வேண்டாம், பதிவு செய்யவும் வேண்டாம். விளம்பரங்களைப் பொறுத்துக்கொண்டால் போதும். தேடல் பெட்டியில் டிக்கி என்று மட்டும் அடித்தால் 1930களில் யாங்கீஸின் கேட்சராக (பிட்சரின் பந்தைப் பிடிப்பவர்) இருந்த பில் டிக்கியும் வருவார். முன்னெழுத்துகளோடு தேடுங்கள்.

பக்கத்தின் தலைப்பகுதியில் பிறந்த தேதி (1974 அக்டோபர் 29), ஊர் (நாஷ்வில்), படித்த இடம் (டென்னசி பல்கலைக்கழகம்), 1996 டிராஃப்டில் (அணிகள் புது வீரர்களை முறைவைத்துத் தேர்ந்தெடுக்கும் நிகழ்வு) முதல் சுற்றில் 18ஆவது ஆளாக டெக்சஸ் ரேஞ்சர்ஸ் எடுத்தது ஆகியவை இருக்கின்றன. இந்த ஒற்றை வரியைப் படிப்பவர், பெரிய எதிர்பார்ப்போடு பெரிய தொகைக்குச் சேர்ந்தவர் என்றுதான் நினைப்பார். நடந்தது வேறு. 8,10,000 டாலர் தருவதாகப் பேசியிருந்தார்கள். பேஸ்பால் அமெரிக்கா இதழின் அட்டையில் வந்த ஒலிம்பிக் அணிப் படத்தில் அவர் கை தொங்கிய விதம் அணியினரின் கண்ணை உறுத்தியது. பரிசோதித்தபோது, வலது முழங்கையை உட்புறமாகப் பிடித்து நிறுத்தும் தசைநாரே இல்லை என்று தெரிந்தது. பேச்சு முறிந்து, கடைசியில் 75,000 டாலருக்குக் கையெழுத்தானது. உடல்நலம் சம்பந்தப்பட்ட எதையும் இந்தத் தளம் சொல்லாது. வீரரின் பக்கத்தைப் படிக்கும்போது இதை எப்போதும் நினைவில் வைத்திருக்க வேண்டும். டிக்கியின் 2012 வரிசையும் அப்படித்தான்: வயிற்றுத் தசை கிழிந்த நிலையில் அந்த சீசனின் பெரும்பகுதியை வீசி, அக்டோபரில் அறுவை சிகிச்சை செய்துகொண்டார் என்பதற்கு அங்கே ஒரு தடயமும் கிடையாது.

முதல் அட்டவணைதான் தளத்தின் உயிர். ஒரு சீசனுக்கு ஒரு வரிசை: வயது, அணி, வெற்றி, தோல்வி, இ.ஆர்.ஏ., இன்னிங்ஸ், அதற்குப் பிறகு நீளமாக மற்றவை. இ.ஆர்.ஏ. என்பது பிட்சரின் பொறுப்பில் விழுந்த ஓட்டங்களை 9 இன்னிங்ஸுக்குக் கணக்கிட்ட எண். குறையக் குறைய நல்லது. வயதுப் பத்தியில் இருப்பது ஜூன் 30 நிலவரப்படியான வயது. அதனால் 2012 வரிசையில் 37 என்று இருக்கும். நவம்பரில் விருதை அறிவித்தபோது அவருக்கு 38 ஆகியிருந்தது. பிந்தி எழுந்தவர்களை வயது வைத்து ஒப்பிடும்போது இந்த ஒரு வயது வித்தியாசம் பலரைத் தடுமாற வைக்கிறது. தடித்த எழுத்தில் உள்ள எண்கள் லீகிலேயே முதலிடம். 2012 வரிசையில் 233.2 இன்னிங்ஸ், 230 ஸ்ட்ரைக்அவுட் (பந்தை அடிக்க முடியாமல் வெளியேறியவர்கள்), 5 முழு ஆட்டம் (கடைசி வரை அவரே வீசியவை), 3 ஷட்அவுட் (அதில் ஓட்டமே விடாதவை) எல்லாமே தடிமனாக இருப்பதைப் பார்க்கலாம். அதற்கு முந்தைய வரிசைகளில் அப்படி எதையும் எதிர்பார்க்க வேண்டாம்.

அந்த முந்தைய வரிசைகளைத்தான் நிதானமாகப் படிக்கச் சொல்வேன். 2001இல் 12 இன்னிங்ஸ், இ.ஆர்.ஏ. 6.75. 2002 என்ற வரிசையே இல்லை. 2003இல் 9 வெற்றி 8 தோல்வி, 5.09. 2004இல் 5.61, 2005இல் 6.67. 2006இல் ஒரே ஒரு ஆட்டம், 18.90. 2007 மறுபடி காணோம். 2008இல் சியாட்டிலுக்கு 5.21, 2009இல் மினசோட்டாவுக்கு 4.62. 2010இல் மெட்ஸுக்குப் போனதும் 2.84. தளம் முதலில் காட்டும் இந்த வடிவத்தில் அந்த முன்னேற்றம் திடீரென்று வானத்திலிருந்து விழுந்தது போலத் தோன்றும். காரணம், இடையில் நடந்தது எல்லாம் வேறொரு அட்டவணையில் ஒளிந்திருக்கிறது.

அட்டவணைக்கு மேலே உள்ள, மைனர் லீக் (மேஜர் லீகுக்குக் கீழுள்ள லீக்குகள்) ஆண்டுகளைச் சேர்த்துக் காட்டும் பொத்தானை அழுத்துங்கள். காணாமல் போன 2007இல் நாஷ்வில் சவுண்ட்ஸ் அணிக்கு 13 வெற்றி, 6 தோல்வி, இ.ஆர்.ஏ. 3.72 என்று வந்து நிற்கும். பசிபிக் கோஸ்ட் லீகின் சிறந்த பிட்சர் அந்த வருடம் அவர்தான். 2010இலும் அவர் நேராக மெட்ஸுக்குப் போகவில்லை. பயிற்சி முகாமிலிருந்து முதல் ஆளாகக் கழித்துவிடப்பட்டு, மெட்ஸின் மைனர் லீக் அணி இருந்த பஃபலோவில் தொடங்கினார். அங்கே டர்ஹாம் அணிக்கு எதிராக முதல் ஆளுக்கு ஒரு சிங்கிள் (ஒரு தளம் மட்டும் எட்டும் அடி) கொடுத்துவிட்டு, அடுத்து வந்த 27 பேரையும் வரிசையாக வெளியேற்றினார். மே மாதம்தான் மேலே அழைத்தார்கள். தாமதமாக எழுந்த எந்த வீரரானாலும் இந்தப் பொத்தானை அழுத்தாமல் ஒரு முடிவுக்கும் வராதீர்கள். பக்கத்தின் அடியில் உள்ள ஒப்பந்த, இடமாற்றப் பட்டியலையும் சேர்த்துப் படித்தால், 2007 முடிவில் மினசோட்டா சேர்த்துக்கொண்ட ஆளை ரூல் ஃபைவ் டிராஃப்ட் (வேறு அணியின் மைனர் லீக் வீரரை எடுத்துக்கொள்ளும் முறை) வழியாக சியாட்டில் எடுத்துக்கொண்டது வரை தெரியும். யாருக்கும் வேண்டாதவராக அவர் அப்போது இருக்கவில்லை. யாரும் பெரிதாகப் பணம் போடத் தயாராக இல்லை, அவ்வளவுதான்.

2006 வரிசைக்கு வருவோம். 18.90 எப்படி வந்தது என்று பார்க்க அந்த வருடத்தின் ஆட்டப் பட்டியலுக்கும், அங்கிருந்து ஏப்ரல் 6 ஆட்டத்தின் ஸ்கோர் அட்டைக்கும் போகலாம். டெட்ராய்ட் டைகர்ஸ் 3.1 இன்னிங்ஸில் 6 ஹோம் ரன் (சிக்ஸர் போல எல்லை தாண்டும் அடி) அடித்தார்கள், 7 ஓட்டம். நவீன காலத்தில் ஒரு பிட்சர் ஒரே ஆட்டத்தில் விட்ட ஹோம் ரன்களில் இது உச்ச எண்ணிக்கைக்குச் சமம். நக்கிள்பாலை முழுநேர ஆயுதமாக எடுத்துக்கொண்ட பிறகு மேஜர் லீகில் அவர் தொடங்கிய முதல் ஆட்டம் இது என்பதை ஸ்கோர் அட்டை சொல்லாது. முந்தைய வருடம் ரேஞ்சர்ஸ் மேலாளர் பக் ஷோவால்டரும் பிட்சிங் பயிற்சியாளர் ஓரல் ஹெர்ஷைசரும், வேகம் இறங்கிக்கொண்டிருந்த அவரை அந்தப் பாதைக்குத் திருப்பியிருந்தார்கள். புது வித்தையின் முதல் வெளிச்சோதனை இப்படி முடிந்தால் பெரும்பாலோர் கையைக் கழுவியிருப்பார்கள்.

ஏன் அப்படி ஆனது என்பதற்குப் பந்தின் இயல்பே காரணம். நக்கிள்பாலை விரல் நகங்களால் பற்றி, மணிக்கட்டைச் சுழற்றாமல் தள்ளி விடுவார்கள். 60 அடி 6 அங்குலத் தூரத்தைக் கடப்பதற்குள் பந்து ஒரு சுற்று சுற்றினாலே அதிகம். சுழற்சி இல்லாததால், தையல் இருக்கும் பக்கமும் வழவழப்பான பக்கமும் காற்றை வேறுவேறு விதமாகப் பிரிக்கின்றன. பந்து கடைசி நொடியில் விலகுகிறது. கொஞ்சம் கூடுதலாகச் சுழன்றுவிட்டால் அந்த விலகல் செத்துவிடும். அப்போது அது மிதமான வேகத்தில் அடிப்பவர் முன்னுள்ள தட்டின் நடுவே வரும் சாதாரணப் பந்து, ஹோம் ரன்தான். அந்தச் சுழற்சியை ஒவ்வொரு பந்திலும் கொல்லக் கற்றுக்கொள்ள டிக்கிக்குச் சில வருடங்கள் பிடித்தன. சார்லி ஹஃப், ஃபில் நீக்ரோ, டிம் வேக்ஃபீல்டு என்று மூத்த நக்கிள்பால்காரர்கள் மூவரிடமும் பாடம் கேட்டார். வேக்ஃபீல்டின் பந்து மணிக்கு 105 கிலோமீட்டரை ஒட்டி மிதக்கும். டிக்கி ஏறக்குறைய 125இல் வீசினார். அவ்வளவு வேகத்தில் சுழற்சியில்லாமல் வீசியவர்கள் அரிது.

இனி, இந்தத் தளத்தின் எண்களை எடுத்துக் கணக்குப் போடுபவர்கள் விழும் இரண்டு குழிகள்.

ஒன்று, இன்னிங்ஸ் பத்தி. 233.2 என்பது 233 இன்னிங்ஸும் மூன்றில் இரண்டு பங்கும். கிரிக்கெட்டில் 12.4 ஓவர் என்றால் 12 ஓவரும் 4 பந்தும் என்பது போல. அட்டவணையை சி.எஸ்.வி.யாக இறக்கி எக்செலில் அப்படியே கூட்டினால் டிக்கியின் மொத்தம் 2069 என்று வரும். சரியான விடை 2073.2. புள்ளிக்குப் பின்னுள்ள எண்ணைத் தனியே பிரித்து மூன்றால் வகுத்த பிறகுதான் கூட்ட வேண்டும்.

இரண்டு, இ.ஆர்.ஏ.வைச் சராசரி எடுப்பது. அவருடைய 15 சீசன்களின் இ.ஆர்.ஏ.க்களைக் கூட்டி 15ஆல் வகுத்தால் 5.48. உண்மையான வாழ்நாள் இ.ஆர்.ஏ. 4.04. மூன்றரை இன்னிங்ஸ்கூட நிறையாத 2006ஐ, 233.2 இன்னிங்ஸ் வீசிய 2012க்குச் சமமாக எடைபோட்டதன் விளைவு இது. பொறுப்பு ஓட்டங்களைத் தனியாகவும் இன்னிங்ஸைத் தனியாகவும் கூட்டி, ஓட்டத்தை 9ஆல் பெருக்கி இன்னிங்ஸால் வகுங்கள்.

இதைச் செய்யத் தெரிந்துவிட்டால், தளம் தானாகக் காட்டாத முக்கியமான ஒன்றை நீங்களே எடுத்துவிடலாம். 2009 வரை: 442.2 இன்னிங்ஸ், 267 பொறுப்பு ஓட்டம், இ.ஆர்.ஏ. 5.43. 2010 முதல் 2017 வரை: 1631 இன்னிங்ஸ், 663 ஓட்டம், 3.66, 98 வெற்றி, 90 தோல்வி. பக்கத்தின் உச்சியில் பெரிதாக நிற்கும் 120-118, 4.04 என்ற வாழ்நாள் தொகை இந்த இரண்டு மனிதர்களில் எவரையும் குறிக்கவில்லை. பிந்தி எழுந்த வீரர்களைப் பொறுத்தவரை இந்தத் தளத்தின் ஆகப் பெரிய குறை இதுதான் என்பேன்: வாழ்நாள் தொகையை முன்னே தள்ளி, முறிவு எங்கே நிகழ்ந்தது என்று தேடும் வேலையை வாசகரிடம் விட்டுவிடுகிறது. மற்ற வீரர்களோடு ஒற்றுமை காட்டும் பட்டியலிலும் இதே கோளாறு. அது வாழ்நாள் எண்ணிக்கைகளை ஒப்பிடுவதால், சராசரியாக ஆடி ஏறக்குறைய அவ்வளவே வெற்றி சேர்த்தவர்களை டிக்கியின் பக்கத்தில் உட்கார வைத்துவிடும். வயது வாரியாகப் பிரித்த ஒற்றுமைப் பட்டியல் தேவலை.

ஓட்டப் பத்தியையும் பொறுப்பு ஓட்டப் பத்தியையும் அருகருகே வைத்துப் படிப்பது நக்கிள்பால்காரர்களுக்கு அவசியம். பந்து எங்கே போகும் என்று கேட்சருக்கே தெரியாது. அவர் பிடிக்காமல் போன பந்தில் தளத்தில் நிற்பவர் முன்னேறினால், பிட்சர் மீது எழுதப்படுவது வைல்டு பிட்ச், கேட்சர் மீது எழுதப்படுவது பாஸ்டு பால். முதலாவது டிக்கியின் பக்கத்திலேயே உண்டு. 2008 ஆகஸ்ட் 17 அன்று மினசோட்டாவுக்கு எதிராக ஒரே இன்னிங்ஸில் 4 வைல்டு பிட்ச் வீசியதை அந்த ஆட்டத்தின் பந்துவாரி விவரத்தில் பார்க்கலாம். பாஸ்டு பாலைத் தேட, கேட்சர் ஜாஷ் தோலின் ஃபீல்டிங் பக்கத்துக்குப் போக வேண்டும். இரண்டையும் ஒரே இடத்தில் காட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

2012 ஜூன் 13 ஆட்டம் இதற்கு அருமையான உதாரணம். டாம்பா பே ரேஸுக்கு எதிராக டிக்கி ஒரே ஒரு ஹிட் (அடிப்பவரைத் தளம் ஏற்றும் அடி) கொடுத்தார், 12 ஸ்ட்ரைக்அவுட். ஒன்பதாவது இன்னிங்ஸில் ஒருவர் ஃபீல்டரின் பிழையால் தளம் ஏறி, இரண்டு பாஸ்டு பால்களில் முன்னேறி, ஒரு தரைப் பந்தில் ஓட்டம் எடுத்துவிட்டார். அதனால் ஆட்டப் பட்டியலில் ஓட்டம் 1, பொறுப்பு ஓட்டம் 0. ஓட்டமே விடாத அவரது தொடர் 32.2 இன்னிங்ஸோடு அங்கே நின்றது (மெட்ஸ் வரலாற்றில் அதுவரை இருந்த ஜெர்ரி கூஸ்மனின் 31.2ஐ அது தாண்டியது), பொறுப்பு ஓட்டம் விடாத தொடரோ 44.2 வரை நீண்டது. ஐந்து நாள் கழித்து பால்டிமோருக்கு எதிராக மறுபடியும் ஒரே ஹிட், இந்தத் தடவை 13 ஸ்ட்ரைக்அவுட். ஆட்டப் பட்டியலில் இரண்டு வரிசைகளை அழுத்தினால் இடைப்பட்ட ஆட்டங்களின் கூட்டுத்தொகை கிடைக்கும். மே 22இலிருந்து ஜூன் 18 வரை தேர்ந்தெடுத்துப் பாருங்கள். அந்த நான்கு வாரங்களை விளக்க வேறு எழுத்தே தேவையில்லை.

அடுத்தது எஃப்.ஐ.பி., வார் (ஒரு வீரர் சாதாரண மாற்று ஆளைவிட எத்தனை வெற்றி கூடுதலாகத் தந்தார் என்ற மதிப்பீடு). இரண்டிலும் கவனம் தேவை. எஃப்.ஐ.பி. ஹோம் ரன், வாக் (நான்கு தவறான பந்துக்காக அடிப்பவருக்கு இலவசமாகக் கிடைக்கும் தளம்), உடலில் பட்ட பந்து, ஸ்ட்ரைக்அவுட் நான்கை மட்டும் வைத்துப் போடும் கணக்கு. மட்டையில் பட்டு மைதானத்துக்குள் விழும் பந்தெல்லாம் அதிர்ஷ்டத்தின் பாற்பட்டது என்ற அனுமானத்தில் நிற்கிறது. நக்கிள்பாலுக்கு அந்த அனுமானம் முழுதாகப் பொருந்தாது, ஏனென்றால் அடிப்பவர்கள் மட்டையின் நடுப்பகுதியில் வாங்குவதே குறைவு. டிக்கியின் 2012 இ.ஆர்.ஏ. 2.73, எஃப்.ஐ.பி.யோ 3ஐத் தாண்டி நிற்கும். 2010இல் இடைவெளி இன்னும் அதிகம். பேஸ்பால் ரெஃபரன்ஸின் வார் மதிப்பு விட்ட ஓட்டங்களிலிருந்து தொடங்குகிறது, ஃபேன்கிராஃப்ஸ் என்ற இன்னொரு தளத்தின் வார் எஃப்.ஐ.பி.யிலிருந்து. ஆகவே நக்கிள்பால்காரரை மதிப்பிட முன்னதையே நம்பலாம். ஆனால் அது பொறுப்பு ஓட்டத்தோடு நிற்காமல் எல்லா ஓட்டங்களையும் கணக்கில் எடுப்பதால், பாஸ்டு பால் தந்த ஓட்டங்களும் பிட்சரின் தலையில் வந்து விழும். அந்தப் பந்தைத் தேர்ந்தெடுத்தவர் அவர்தானே என்பதால் இது நியாயம்தான் என்பது என் கட்சி.

2012இல் உண்மையில் என்ன மாறியது? 9 இன்னிங்ஸுக்கான ஸ்ட்ரைக்அவுட் பத்தியைப் பாருங்கள். 2010இல் 5.4, 2011இல் 5.8, 2012இல் 8.9. வாக் ஏறக்குறைய அப்படியே: 2011இல் 54, 2012இல் 25 இன்னிங்ஸ் கூடுதலாக வீசியும் 54. 74 ஆட்டங்களை மட்டுமே வென்ற அணியில் அவர் 20 வென்றார். சை யங் விருதுக்கான 32 முதலிட வாக்குகளில் 27 அவருக்கு விழுந்ததில் வியப்பில்லை.

ஆனால் ஏன் மாறியது என்று இந்தத் தளத்தில் கண்டுபிடிக்க முடியாது. அதற்கு மேஜர் லீகே இலவசமாக நடத்தும் பேஸ்பால் சாவண்டுக்குப் போக வேண்டும். அங்கே ஒவ்வொரு பந்தின் வகை, வேகம், விலகல் எல்லாம் இருக்கும். பந்துவாரித் தகவல் 2008 முதல்தான் முழுமையாக உண்டு. டிக்கி சாதாரண பிட்சராக இருந்த காலமும், நக்கிள்பாலுக்கு மாறிய 2005-06ம் அங்கே இருட்டு. மட்டையில் பட்ட வேகத்தை அளக்கும் ஸ்டாட்காஸ்ட் 2015இல் வந்தது. ஆகவே 2012இன் உச்சத்தில் எதிரணியினர் எவ்வளவு மெலிதாக அடித்தார்கள் என்பதற்கு அளவு கிடையாது. 2012க்கும் 2013க்கும் இடையே நக்கிள்பாலின் சராசரி வேகம் இறங்கியதை மட்டும் தெளிவாகப் பார்க்கலாம். 2013இல் டொரான்டோ அணிக்கு மாறிய முதல் வருடம் இ.ஆர்.ஏ. 4.21 ஆக ஏறியதற்கு அது முக்கியமான தடயம். முதுகும் கழுத்தும் அப்போது அவரைப் படுத்திக்கொண்டிருந்தன. அதன் பிறகான நான்கு சீசன்களை வேகமாகக் கடந்துவிடலாம்: நிறைய இன்னிங்ஸ், நடுத்தர முடிவுகள், 42 வயதில் அட்லான்டாவில் 190 இன்னிங்ஸ், 10-10, ஓய்வு.

அடிப்பவர்களில் இதே சோதனையைச் செய்ய விரும்புவோருக்கு ஹோசே பௌடிஸ்டாவின் பக்கம் நல்லது: 2009 வரை மொத்தம் 59 ஹோம் ரன், 2010இல் மட்டும் 54. அங்கே வேறொரு குழி இருக்கிறது. 2004இல் அவர் நான்கு அணிகளுக்கு ஆடினார். தளம் நான்கு அணிகளுக்கும் தனித்தனி வரிசை தந்து, கூட்டு வரிசை ஒன்றையும் தரும், சி.எஸ்.வி.யை அப்படியே கூட்டினால் அந்த வருடம் இரண்டு முறை எண்ணப்படும். கூட்டு வரிசையை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை நீக்குங்கள். பிட்சர் ஜேமி மோயரின் பக்கத்தில் அந்தப் பிரச்சினை குறைவு, பொறுமைதான் நிறைய வேண்டும்: 1991 முடிய 34 வெற்றி, 54 தோல்வி, கடைசியில் 269 வெற்றி.

கைபேசியில் இந்த அட்டவணைகளைப் படிப்பது சிரமம். பத்திகள் வலப்பக்கம் நீண்டுகொண்டே போகும். எந்தப் பத்தியில் இருக்கிறோம் என்பதே மறந்துவிடும். கணினியோ டேப்லெட்டோ இருந்தால் அதில் திறப்பது நல்லது.

இதே நிறுவனத்தின் ஸ்டாட்ஹெட் கட்டணச் சேவை. ஒரு வீரரின் வாழ்க்கையைப் படிக்க அது தேவையே இல்லை; மேலே சொன்ன அத்தனையும் இலவசப் பக்கங்களில் கிடைப்பவை. டிக்கியைப் போல இன்னும் எத்தனை பேர் என்று தேடும்போதுதான் அதற்கு வேலை. அப்போதும் 34 வயது வரை 30 வெற்றிக்குக் கீழ், 35 வயதிலிருந்து 90 வெற்றிக்கு மேல் என்று ஒரே கேள்வியாகக் கேட்க முயலாதீர்கள். வயது வரம்பு வைத்து இரண்டு தனித் தேடல்கள் போட்டு, இரண்டு பட்டியலிலும் வரும் பெயர்களை நீங்களே பொருத்திக்கொள்ளுங்கள். ஒரு மாதக் கட்டணம் கட்டி, கேள்விகளை முன்பே எழுதி வைத்துக்கொண்டு உட்கார்ந்தால் அந்த மாதத்துக்குள் வேலை முடிந்துவிடும்.